நண்டு ஓட்டு மாத்திரை முட்டி வலியைப் போக்குமா?

சளி பிடித்தால் மிளகு தட்டிப் போட்டு நண்டு ரசம் வைப்பது கடலூர்ப் பக்கத்தில் பழக்கம். இப்போது முட்டி வலிக்கும் நண்டு ஓட்டிலிருந்து மாத்திரை விற்கிறார்கள். "எங்க மாமியாருக்கு வாங்கித் தரலாமா?" என்று யோசிக்கும் சகோதரிகளுக்கு இதோ விவரம்.

மாத்திரையில் இருப்பது குளுக்கோஸமைன். இறால், நண்டு ஓடுகளில் கைட்டின் என்ற பொருள் உண்டு. அதைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சிகள், சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் நடந்திருக்கின்றன. கைட்டினை வீரியமான அமிலத்தில் வேக வைத்தால் குளுக்கோஸமைன் கிடைக்கும். நம் மூட்டுகளின் குருத்தெலும்பிலும் இது இருக்கிறது.

"அப்படின்னா நண்டுக் குழம்பே போதுமே!" என்பீர்கள். போதாது. ஓட்டை எத்தனை கொதி விட்டாலும் கைட்டின் கரையாது.

சரி, மாத்திரையாவது பலன் தருமா? அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ள 1,583 பேரை 24 வாரம் பரீட்சித்த முடிவு 2006-ல் வெளியானது. ஒரு பிரிவுக்குத் தினம் 1,500 மில்லிகிராம் குளுக்கோஸமைன். இன்னொரு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியாது. குளுக்கோஸமைன் சாப்பிட்டவர்களில் 100-க்கு 64 பேருக்கு வலி குறைந்தது. சபாஷ் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 100-க்கு 60 பேருக்குக் குறைந்தது! இந்தச் சின்ன வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியதே. முழங்கால் தேய்மானத்துக்கு இது வேண்டாம் என்று அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் சங்கம் 2019-ல் சொல்லிவிட்டது.

அப்படியும் வாங்குவதானால் டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் தாங்களாகச் சாப்பிடக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தக்கசிவு ஏற்படலாம்.

பின்னே என்னதான் செய்வது? உடல் கனமானவர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் சுமார் 4 கிலோ பாரம் குறையும். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். கால் மாற்றிப் பத்துப் பத்துத் தடவை செய்யுங்கள். தொடைத் தசை பலப்பட்டால் முட்டிக்குத் துணை. சிதம்பரத்துக்காரர்கள் மாமியாரையும் அழைத்துக்கொண்டு, முடிந்த மட்டும் தேரோடும் வீதிகளில் மெதுவாக நடந்து வரலாமே! முட்டி வீங்கிச் சிவந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, காலையில் வெகுநேரம் விறைத்துக்கொண்டாலோ கைவைத்தியம் வேண்டாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.