பாஸ்வேர்டு சரி... ஆனாலும் லினக்ஸ் உள்ளே விட மறுப்பது ஏன்?

உபுண்டு கம்ப்யூட்டரில் சரியான பாஸ்வேர்டை அடித்தும் 'தவறு' என்றே வருகிறதா? அவசரப்பட்டு எல்லாத்தையும் அழித்து ரீ-இன்ஸ்டால் பண்ணிடாதீங்க, ஃபைல்கள் போயிடும். கோளாறு கீபோர்டு லேஅவுட்டில் இருக்கலாம்.

நம்ம ஊர் லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது அமெரிக்க லேஅவுட். அதில் ஷிப்ட்டுடன் 2-ஐ அழுத்தினால் @ வரும். சிஸ்டத்தில் பிரிட்டிஷ் லேஅவுட் தேர்வாகியிருந்தால், அதே கீயில் இரட்டை மேற்கோள் குறி விழும். பாஸ்வேர்டு பெட்டியில் வெறும் புள்ளிகள்தான் தெரியும் என்பதால் சந்தேகமே வராது.

பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் சின்னத்தை அழுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும் (பக்கத்தில் யாரும் இல்லையே?). அப்போதைக்கு, என்டருக்கு இடப்பக்கம் உள்ள மேற்கோள் கீயை ஷிப்ட்டுடன் அழுத்தினால் @ கிடைக்கும்.

உள்ளே போனதும் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குச் சென்று, இன்புட் சோர்சஸில் அமெரிக்க ஆங்கிலத்தைச் சேர்த்து பிரிட்டிஷை நீக்கலாம். லாகின் திரைக்கான லேஅவுட் தனியாக இருப்பதால், ரீஸ்டார்ட் செய்து அங்கேயும் ஒருமுறை கண் சின்னத்தை அழுத்திப் பார்ப்பது நல்லது.

ஒரு சிக்கல் உண்டு. பாஸ்வேர்டை வைத்ததே பிரிட்டிஷ் லேஅவுட்டில் என்றால், @ என நினைத்து அழுத்திய இடத்தில் பதிவாகியிருப்பது மேற்கோள் குறி. லேஅவுட்டை மாற்றிய பிறகு அதைத்தான் அடிக்க வேண்டும்.