டிக்கி இல்லாத வண்டிக்குப் பூட்டு

பிக்கப் வண்டிக்கு டிக்கி கிடையாது. காரில் லேப்டாப்பையோ கைப்பையையோ யார் கண்ணிலும் படாமல் வைக்கப் பின்பக்கம் ஓர் இடம் உண்டு. பிக்கப்பில் அந்த இடம் முழுவதும் மூடியில்லாத சரக்குத் தொட்டி. மிச்சம் இருப்பது கேபின். அதைச் சுற்றிலும் கண்ணாடி. விலை உயர்ந்த பொருளைத் தொட்டியில் வைத்தால் கை நீட்டி எடுக்கலாம், இருக்கையில் வைத்தால் எட்டிப் பார்க்கலாம்.

நம்மூரில் பிக்கப் என்றால் பெரும்பாலும் சுமை ஏற்றும் வண்டிதான். காய்கறி மூட்டையை இறக்கிவிட்டால் களவு போக அதில் பெரிதாக எதுவும் இருக்காது. அமெரிக்காவில் கதை வேறு. 1977 முதல் அந்நாட்டில் மிக அதிகமாக விற்கும் டிரக் ஃபோர்டின் எஃப் வரிசை. தச்சருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும் அதுவே நடமாடும் பட்டறை. நான்கு கதவுகளும் ஐந்து இருக்கைகளும் வந்த பிறகு குடும்ப வண்டியும் அதுவே ஆகிவிட்டது. டிரில்லிங் மெஷின், லேசர் அளவுகோல், கேமரா, துப்பாக்கி, பாஸ்போர்ட் என்று எல்லாம் அதில்தான் பயணம் செய்கின்றன. பூட்டக்கூடிய பெட்டிகளுக்கென்று தனித் தொழிலே அங்கே வளர்ந்ததற்கு இதுவே காரணம்.

இந்தப் பெட்டிகளை எடைபோட முதலில் அளவுகோல் வேண்டும். உடைக்க முடியாத பெட்டி என்று ஒன்று இல்லை. உடைக்க எத்தனை நிமிடம் ஆகும் என்பதே கேள்வி. பெட்டகங்களைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்க நிறுவனமான யூஎல் இந்தக் கணக்கில்தான் தரம் பிரிக்கிறது. வீட்டு உபயோகப் பெட்டகத்துக்கான அடிப்படைத் தரச் சோதனையில், சுத்தியல், திருப்புளி, சிறிய கடப்பாரை போன்ற சாதாரணக் கருவிகளோடு ஒருவர் 5 நிமிடம் தாக்குவார். அதற்குள் திறக்காவிட்டால் பெட்டகம் தேறியது. நகைக்கடைகளில் காணப்படும் உயர்ந்த வகைகள் இன்னும் வலுவான கருவிகளுக்கு எதிராக 15 அல்லது 30 நிமிடம் தாங்க வேண்டும். வண்டிக்கென்று விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனைப் பக்கமே போவதில்லை. ஆனாலும் அவை வீண் அல்ல. வாகன நிறுத்துமிடத்தில் கைவரிசை காட்டுபவருக்கு இரண்டு நிமிடம் என்பதே நீண்ட நேரம்.

தொட்டியில் பொருத்தும் பெட்டிகளில் மிகப் பழகிப்போனது, கேபினை ஒட்டித் தொட்டியின் இரு பக்கச் சுவர்கள்மீதும் குறுக்கே உட்காரும் வகை. பளபளக்கும் அலுமினியத் தகட்டில் வைர வடிவ மேடுகளோடு வருவதை ஹாலிவுட் படங்களில் பார்த்திருக்கலாம். அந்த மேடுகள் கீறலை மறைக்கும், கால் வழுக்காமல் காக்கும். பாதுகாப்புக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. பயன் தருவது தகட்டின் கனம். ஒரு தகட்டின் வளையாத்தன்மை அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். கனத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்கு. அலுமினியத்தின் மீட்சிக் குணகம் எஃகினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும் இந்த மும்மடி விதி அதற்குக் கை கொடுக்கிறது: 1.5 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டின் விறைப்பை 2.1 மில்லிமீட்டர் அலுமினியம் எட்டிவிடும், அதுவும் பாதி எடையில். சிக்கல், விற்பவர்கள் அந்தக் கனத்தைத் தருகிறார்களா என்பதில்தான். தகட்டின் கனத்தை ‘கேஜ்’ எண்ணால் சொல்லும் வழக்கம் இங்கே வாங்குபவரை ஏமாற்றும். எண் குறைந்தால் கனம் கூடும் என்பது பலருக்குத் தெரியும். ஒரே எண் இரண்டு உலோகங்களில் இரண்டு கனத்தைக் குறிக்கும் என்பது அவ்வளவாகத் தெரியாது. 16 கேஜ் எஃகு 1.52 மில்லிமீட்டர், 16 கேஜ் அலுமினியமோ 1.29 மட்டுமே. மில்லிமீட்டரில் கேட்டு வாங்குவது நல்லது.

தகடு எவ்வளவு கனமாக இருந்தாலும் திருடர் அதன் நடுவில் கை வைப்பதில்லை. மூடியும் பெட்டியும் சேரும் விளிம்பைத்தான் தேடுவார். 60 சென்டிமீட்டர் நீளமுள்ள கடப்பாரையின் நுனியை இடுக்கில் நுழைத்து, நெம்புமையம் நுனியிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி அமைந்தால் விசை சுமார் 30 மடங்காகும். கையால் 20 கிலோ எடைக்கு அழுத்தினால் மூடியில் 600 கிலோ தூக்குவிசை. பூட்டு அப்படியே இருக்க, மூடி மட்டும் தகர டப்பாபோல் சுருண்டு எழும். எனவே நல்ல பெட்டியின் அடையாளம் பூட்டில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. மூடி பெட்டியின் வாயைத் தாண்டிக் கீழே மடிந்து இறங்க வேண்டும். அல்லது வாய்க்குள் பதிந்து உட்கார வேண்டும். கடப்பாரை நுனிக்கு நுழைய இடமே இருக்கக்கூடாது. கீல் துண்டு துண்டாக வெளியே தெரியாமல் மூடியின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். ஒரு தாழ்ப்பாளுக்குப் பதில் இரு முனைகளிலும் இரண்டு இருந்தால் நெம்பும் விசை பிரிந்து போகும். வெளியே நாதாங்கி வைத்துத் தொங்குபூட்டு மாட்டும் பெட்டியில் இந்தக் கணக்கெல்லாம் வீண்: பெரிய வெட்டுக் கருவி ஒன்று போதும்.

பூட்டின் உள்ளமைப்பிலும் ஒரு பலவீனம் ஒளிந்திருக்கிறது. மலிவான பெட்டிகளில் இருப்பது மெல்லிய பித்தளைத் தகடுகள் சாவிக்கேற்ப ஏறி இறங்கும் வகைப் பூட்டு. தகடுகள் குறைவு, வெட்டு ஆழங்களும் குறைவு; ஆகவே சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கையும் குறைவு. அதைக்கூட முழுதாகப் பயன்படுத்தாத தயாரிப்பாளர்கள் உண்டு. அமெரிக்காவில் பயண வீட்டு வண்டிகளின் வெளிப்புற அறைகளுக்கும் பிக்கப் தொட்டிமேல் மாட்டும் கூண்டுகளுக்கும் பொருத்தப்பட்ட எண்ணற்ற பூட்டுகளை ‘சிஎச்751’ என்ற ஒரே சாவி திறந்துவிடும். அந்தச் சாவி கடைகளில் சில டாலருக்குக் கிடைக்கிறது. வேறு சில பூட்டுகளின் முகத்திலேயே சாவிக் குறியீட்டு எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படித்துச் சொன்னால் மாற்றுச் சாவி தபாலில் வந்து சேரும். பெட்டி வாங்கியதும் அந்த எண்ணை வீட்டில் குறித்துவைத்துக்கொண்டு, பூட்டிலிருந்து அரத்தால் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

பெட்டிக்கொரு சாவி, வண்டிக்கொரு சாவி என்று கொத்து பெருகுவதும் ஒரு தொல்லை. மில்வாக்கியைச் சேர்ந்த ஸ்ட்ராடெக் நிறுவனத்தின் ‘போல்ட்’ பூட்டுகள் இதற்கு அழகான தீர்வு கண்டன. வண்டியின் சொந்தச் சாவியை முதன்முறை நுழைத்துத் திருப்பும்போது, பூட்டுக்குள் இருக்கும் சுருள்வில் தகடுகள் அந்தச் சாவியின் வெட்டுகளுக்கேற்ப நகர்ந்து அங்கேயே நிலைத்துவிடுகின்றன. அதன் பிறகு அந்தச் சாவிக்குத்தான் அது திறக்கும். இயந்திரவியல் நோக்கில் நேர்த்தியான ஏற்பாடு. வண்டிச் சாவி தொலைந்தால் எல்லாமே தொலைந்தது என்பது அதன் மறுபக்கம்.

வண்டி நிறுவனங்களும் தொழிற்சாலையிலேயே இடம் ஒதுக்கத் தொடங்கின. 2006 மாடலாக வந்த ஹோண்டா ரிட்ஜ்லைன், தொட்டியின் தரைக்கடியில் பூட்டக்கூடிய அறையைக் கொண்டுவந்தது. தண்ணீர் வடிய அதில் அடைப்பானும் உண்டு. ஆனால் மேலே மணல் மூட்டை ஏற்றியிருந்தால் உரிமையாளரும் அதைத் திறக்க முடியாது. 2009 மாடல் ராம் டிரக்கில் தொட்டியின் பக்கச் சுவர்களுக்குள்ளேயே பெட்டிகள் வந்தன. அதற்கு விலையாகத் தொட்டியின் அகலம் சுருங்கியது. 2021இல் ஃபோர்டு எஃப்-150 பின்னிருக்கையின் கீழ் பூட்டும் பெட்டியை விருப்பத் தேர்வாக அளித்தது. மின்வண்டிகள் வந்தபின்தான் விடை எளிதானது. முன்பக்கம் எஞ்சின் இல்லாததால் எஃப்-150 லைட்னிங்கில் 400 லிட்டர் கொள்ளளவுள்ள, பூட்டிக்கொள்ளும் அறை முன்மூடிக்கடியில் கிடைத்தது. ரிவியன் நிறுவனம் கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே வண்டியின் அகலத்துக்கும் ஒரு சுரங்க அறையே அமைத்தது. இழந்த டிக்கி முன்னாலும் நடுவிலுமாகத் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

தொட்டியை மேலிருந்து மூடும் விரிப்புகள் வேறு வகை. வினைல் துணி மழையைத் தடுக்கும், கத்தியைத் தடுக்காது. மடக்கும் அலுமினிய மூடிகள் உறுதியானவை. ஆனால் அவற்றின் காவல் முழுவதும் பின்கதவின் பூட்டை நம்பியிருக்கிறது. பின்கதவோ எளிதில் கழற்றுவதற்காகவே வடிவமைக்கப்பட்டது: பாதி திறந்த கோணத்தில் ஒரு பக்கக் கீலிலிருந்து தூக்கினால் கையோடு வந்துவிடும். இப்போது அதில் கேமராவும் இருப்பதால் கதவே திருட்டுப் பொருளாகிவிட்டது. ரேடியேட்டர் குழாய்க்கு மாட்டும் சாதாரண ஹோஸ் கிளாம்ப் ஒன்றைக் கழலும் பக்கக் கீலில் இறுக்கினால் கதவு எளிதில் எழாது. இந்த விஷயத்தில் இதைவிட மலிவான பாதுகாப்பு வேறில்லை.

கேபினுக்குள் முதல் தடை பக்கக் கண்ணாடி. அது சூடேற்றிச் சட்டெனக் குளிர்வித்த கண்ணாடி. மேற்பரப்பு அமுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கும். அதனால் பலமான தட்டலைத் தாங்கும். ஆனால் கூரிய கடின முனை மேற்பரப்பைத் துளைத்துவிட்டால் உள்ளே தேங்கிய விசை முழுவதும் விடுபட்டு நொடியில் சிறு துண்டுகளாக உதிரும். டேஷ்போர்டு அறையின் பிளாஸ்டிக் தாழ்ப்பாளைத் தடை என்றே கணக்கில் சேர்க்க வேண்டாம். எனவே கேபினில் உண்மையான காவல், இரு முன்னிருக்கைகளுக்கு இடையிலுள்ள பெட்டிக்குள் அச்சாகப் பொருந்தும் எஃகுப் பெட்டகமும் பின்னிருக்கைக்கடியில் பொருந்தும் எஃகுப் பெட்டியும்தான். பணம், ஆவணம், கைத்துப்பாக்கிக்கு முன்னது. கருவிகளுக்கும் கேமராவுக்கும் பின்னது. எஃகுக் கம்பிவடத்தால் இருக்கைக் கால்களில் கட்டும் சிறு பெட்டிகள் வாடகை வண்டிக்கு ஏற்றவை, ஆனால் வடம் வெட்டுப்படும்.

இந்தப் பெட்டகங்களைத் தரையில் துளைபோட்டுப் பொருத்துவதைவிட இருக்கைக்கான போல்ட் துளைகளையோ தயாரிப்பாளர் விட்ட துளைகளையோ பயன்படுத்துவதே முறை. தரைக்கடியில் எரிபொருள் குழாயும் மின்வடங்களும் ஓடுகின்றன. மின்வண்டியில் பேட்டரியே இருக்கிறது. நட்டுகள் பெட்டிக்குள்ளே இருக்க வேண்டும், பெட்டியைத் திறக்காமல் கழற்ற முடியாதபடி. பொருத்தாத பெட்டிக்கு இரண்டு ஆபத்துகள். திருடர் அதைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் நிதானமாக உடைக்கலாம். விபத்தில் அதுவே எறிபொருளாகும்: 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி அரை மீட்டருக்குள் வண்டி நின்றால் வேகத்தணிவு புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு; 10 கிலோ பெட்டி 200 கிலோ விசையோடு முன்னே பாயும்.

வெயில் எந்தப் பூட்டுக்கும் கட்டுப்படாது. நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்வதையும், அதில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே நிகழ்வதையும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு 2005இல் காட்டியது. ஜன்னலைச் சிறிது திறந்துவைத்தும் பெரிய வேறுபாடு இல்லை. ஐபோனை அதிகபட்சம் 45 டிகிரி வரையுள்ள இடத்தில்தான் வைக்கலாம் என்கிறது ஆப்பிள். கோடையில் டெக்சஸிலோ அரிசோனாவிலோ மூடிய வண்டி அதை வெகு சீக்கிரம் தாண்டும். எண் அழுத்தித் திறக்கும் மின்னணுப் பூட்டின் பேட்டரியும் இந்த வெப்பத்தில் சீக்கிரம் சாகும். அவசரச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஈரமான பகுதிகளில் ரப்பர் விளிம்பும் ஈரம் உறிஞ்சும் பொட்டலமும் வேண்டும். அலுமினியப் பெட்டியை எஃகுத் தொட்டியில் நேரடியாக வைத்தால் உப்புநீர் பட்டு மின்வேதி அரிப்பு தொடங்கும். நடுவே ரப்பர் தகடு போட வேண்டும்.

வண்டிக் கதவையே உடைக்காமல் திறக்கும் வழியும் வந்துவிட்டது. சாவியைப் பையில் வைத்தபடியே கதவு திறக்கும் வண்டிகளில், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சமிக்ஞையை இடையில் ஒரு கருவி வாங்கிக் கதவுவரை கடத்த முடியும். சூரிக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 மாடல்களில் இதை 2011இல் செய்து காட்டினார்கள். வண்டியின் சென்ட்ரல் லாக்கோடு சேர்ந்து திறக்கும் பெட்டி அப்போது தானும் திறந்துகொள்ளும். தனிச் சாவியுள்ள பெட்டகத்துக்கு இங்கே மதிப்பு கூடுகிறது.

துப்பாக்கி விஷயத்தில் சட்டமே தலையிட்டிருக்கிறது. கலிபோர்னியாவில் 2017 முதல், ஆளில்லாத வண்டியில் கைத்துப்பாக்கியை விட்டுச் செல்பவர் அதை டிக்கியிலோ பூட்டிய பெட்டியிலோ வைக்க வேண்டும். டேஷ்போர்டு அறை பூட்டிய பெட்டியாகக் கருதப்படாது. வண்டிக்குள் வைக்கும் பெட்டி வெளிப்பார்வைக்குப் படாமலும் இருக்க வேண்டும். கொலராடோவும் 2025 தொடக்கத்திலிருந்து இதையொத்த விதியை நடைமுறைப்படுத்தியது. பார்வைக்குப் படாமல் என்ற நிபந்தனை எல்லாப் பொருளுக்கும் பொருந்தும். சென்று சேர்ந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எல்லோரும் பார்க்கப் பெட்டியைத் திறந்து கேமராவை உள்ளே வைப்பதைவிட, கிளம்பும்போதே வைத்துவிடுவது மேல்.

இத்தனைக்கும் பிறகு திருட்டுப் போனால் காப்பீடு இரண்டாகப் பிரியும். அமெரிக்காவில் வண்டிக் காப்பீடு பொதுவாக உடைந்த கண்ணாடிக்கும் பூட்டுக்கும் ஈடு தரும். உள்ளிருந்த சொந்தப் பொருளுக்கு வீட்டுக் காப்பீட்டையோ வாடகைதாரர் காப்பீட்டையோதான் நாட வேண்டும். தொழிற்கருவிகளுக்குப் பல நேரம் தனிக் காப்பீடு தேவைப்படும். எதில் கேட்டாலும் கருவிகளின் வரிசை எண்களும் ரசீதுகளும் கேட்கப்படும். அவற்றை வண்டியின் டேஷ்போர்டு அறையில் வைத்திருந்தால் அவையும் சேர்ந்தே போயிருக்கும்.