மின்னணுச் சந்தையில் தராசு யார் கையில்?

கொங்கு நாட்டில் ஊருக்கொரு சந்தை உண்டு. சந்தைக்கொரு கிழமை உண்டு. மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போட்டு, அதன் மறைவில் விரல் பிடித்து விலை பேசுவதை நம்மில் மூத்தோர் பலர் கண்டிருப்பர். அங்கு ஓடும் விலை துண்டுக்குள் கை விட்டோர்க்கே தெரியும். சுற்றி நிற்போர் முகக்குறிப்பைக் கொண்டு ஊகிப்பதோடு சரி. இன்று வாணிகத்தின் ஒரு பெரும்பகுதி கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. அங்கும் ஒரு துண்டு விரிக்கப்பட்டுள்ளது. அதனடியில் நடப்பதை அறியும் உரிமை வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் உண்டா? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

நம் துறையில் பயின்ற மாணவர் ஒருவர் திருப்பூரில் பின்னலாடைகளைக் கொள்முதல் செய்து, இணைய அங்காடி ஒன்றின் வழியே விற்று வருகிறார். தொடக்கத்தில் வாணிகம் நன்றாகவே நடந்தது. கடை வாடகை இல்லை; கண் காணாத ஊர்களிலிருந்தெல்லாம் வாங்குவோர் வந்தனர். பின்னர் விற்பனை திடீரெனச் சரிந்தது. ஒரு நாள் துறைக்கு வந்தவர், "சரக்கும் அதேதானுங்க ஐயா, விலையும் அதேதானுங்க. முதல் பக்கத்துல இருந்தது எங்கியோ பின்னால போயிருச்சு. இதை யாருகிட்டக் கேக்கறதுன்னே தெரியலீங்க" என்றார். அவ்வங்காடிக்கு வேண்டியவராகக் கருதப்படும் விற்பனையாளரின் ஆடைகள் அப்போது முன்வரிசையில் நின்றன. இரண்டிற்கும் தொடர்பு உண்டு என மெய்ப்பிக்க அவரால் இயலவில்லை. தொடர்பு இல்லை என நம்மாலும் கூற இயலவில்லை. வரிசையை அமைக்கும் விதி அங்காடிக்காரர் ஒருவருக்கே தெரியும்.

திருப்பூர் முன்பே கற்ற பாடம்

இச்சிக்கல் நம் மண்ணுக்குப் புதியதன்று. பருத்தி விளைவித்த கொங்கு உழவர் தம் பொதியை வண்டியிலேற்றிச் சந்தைக்குக் கொண்டு வந்தபோது, விலை சொல்பவரும் எடை போடுபவரும் வாங்குபவரும் பெரும்பாலும் ஒரே தரப்பினராயிருந்தனர். கழிவு என்றும் தரகு என்றும் பல பெயர்களில் பிடித்தம் நடந்தது. இதனை முறைப்படுத்தவே 1933-ஆம் ஆண்டு சென்னை வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் 1936-இல் திருப்பூரில் பருத்திக்கான ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தோன்றியது. தரகரும் எடையாளரும் உரிமம் பெற வேண்டும். எடைக்கற்கள் சோதிக்கப்பட வேண்டும். விதித்த கட்டணத்திற்கு மேல் பிடித்தம் கூடாது என்னும் நெறிகள் வந்தன.

அச்சட்டம் வணிகரைப் பகைவராகக் கருதியதா? இல்லை. வணிகர் வாணிகம் செய்யலாம், பொருள் ஈட்டலாம், பெருகலாம். தராசு மட்டும் அவர் கையில் தனியே இருத்தலாகாது என்றது. போட்டிச் சட்டத்தின் உயிர்நிலையும் இதுவே.

இவ்வுணர்வு நம் மரபிலும் வேரூன்றியது. வாங்கும்போது கூடுதலாகப் பெறாமலும் விற்கும்போது குறைத்துத் தராமலும் வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. இசுலாமிய ஆட்சி நிலவிய நகரங்களில் முஹ்தசிப் என்னும் அலுவலர் சந்தையில் எடையையும் அளவையையும் சோதித்து வந்தார். ஊர்ப்புறத்தே சென்று, சந்தை விலை அறியாமல் சரக்கொடு வருவோரை இடைமறித்து வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாதபோது அந்த அறியாமையையே முதலாக்கிப் பொருள் ஈட்டலாகாது என்பதே இவற்றின் கருத்து.

கூட்டம் கூட்டத்தைச் சேர்க்கும்

ஊர்ச் சந்தை ஓரளவுக்கு மேல் பெரிதாக இயலாது. இடமும் வழித்தொலைவும் தடுக்கும். மின்னணுச் சந்தைக்கு அத்தடை இல்லை. வாங்குவோர் மிகுந்த இடத்திற்கே விற்போர் செல்வர். விற்போர் மிகுந்த இடத்திற்கே வாங்குவோர் வருவர். உறவினர் அனைவரும் ஒரு செய்திச் செயலியில் இருக்க, நாம் மட்டும் வேறொன்றில் இருந்து பயனில்லை. இவ்வாறு கூட்டம் கூட்டத்தைச் சேர்க்கச் சேர்க்க, இறுதியில் ஒன்றிரண்டு நிறுவனங்களே எஞ்சுகின்றன. நம் தேடலும் வாங்கலும் பேச்சும் தரவுகளாகி அந்நிறுவனங்களின் களஞ்சியத்தை நிறைக்கின்றன. பின்வரும் போட்டியாளரிடம் அக்களஞ்சியம் இருப்பதில்லை.

பெரிதாக வளர்தல் குற்றமன்று. இந்தியப் போட்டிச் சட்டம், 2002, மேலாதிக்க நிலையைத் தடை செய்யவில்லை. அதன் 4-ஆம் பிரிவு அந்நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதையே தடுக்கிறது. இதற்கு முன் நிலவிய 1969-ஆம் ஆண்டு முற்றுரிமைச் சட்டத்தினின்றும் இச்சட்டம் வேறுபடும் இடம் இதுவாகும். 4-ஆம் பிரிவு 2009 மே 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அதனைச் செயற்படுத்துவது இந்தியப் போட்டி ஆணையம்.

சென்னையிலிருந்து சென்ற முறையீடு

இந்தியாவில் பெருந்தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின்மீது எழுந்த முதன்மையான வழக்கு தமிழ்நாட்டிலிருந்தே புறப்பட்டது என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி. பாரத் மேட்ரிமோனி என்னும் திருமணத் தகவல் தளத்தை நடத்தும் சென்னை நிறுவனமான மேட்ரிமோனி.காம், 2012-இல் கூகுளின்மீது போட்டி ஆணையத்தில் முறையிட்டது. செய்ப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கட்ஸ் என்னும் நுகர்வோர் அமைப்பும் தனியே முறையிட்டது. 2018 பிப்ரவரி 8 அன்று ஆணையம் தீர்ப்பளித்தது. தேடல் முடிவுகளில் தன் சொந்தப் பயணச்சீட்டுச் சேவைக்குக் கூகுள் முன்னிடம் தந்தது உள்ளிட்ட சில செயல்கள் தவறென முடிவு செய்து, ரூ.135.86 கோடி தண்டம் விதித்தது. முறையீட்டின் எல்லாக் கூறுகளும் ஏற்கப்படவில்லை. விளம்பரம் பற்றிய குற்றச்சாட்டுகள் தள்ளப்பட்டன. ஆயினும், தேடிக் கொடுப்பவரே தம் பண்டத்தை முன்னே நிறுத்தினால் அது கேள்விக்குரியது என்னும் கருத்து இந்நாட்டில் நிலைபெற்றது. திருப்பூர் மாணவரின் வினாவும் இதுவே அன்றோ!

அடுத்து வந்தது ஆண்ட்ராய்டு வழக்கு. சர்க்கரை வாங்க வந்தவரிடம் தேயிலைப் பொட்டலத்தையும் கட்டாயமாகக் கட்டித் தரும் கடைக்காரரை நாம் அறிவோம். கைப்பேசி செய்வோர் பிளே ஸ்டோரைப் பெற வேண்டுமாயின், கூகுளின் பிற செயலிகளையும் தொகுப்பாகப் பெற்றுப் பதிக்க வேண்டும் என்னும் ஒப்பந்தம் இத்தகையதே. 2022 அக்டோபர் 20 அன்று ஆணையம் இதற்கு ரூ.1,337.76 கோடி தண்டம் விதித்தது. 2023 மார்ச் 29 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை உறுதி செய்தது. ஆணையம் இட்ட கட்டளைகளுள் நான்கினை நீக்கியது.

2022 அக்டோபர் 25 அன்று மற்றொரு தீர்ப்பு வந்தது. பிளே ஸ்டோரில் இடம்பெறும் செயலிகள் கூகுளின் கட்டண முறையையே பயன்படுத்த வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியதற்காக ரூ.936.44 கோடி தண்டம் விதிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டில் அது ரூ.216.69 கோடியாகக் குறைக்கப்பட்டது. இடையில், 2024 மார்ச் 1 அன்று, கட்டணப் பிணக்கின் காரணமாகப் பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட பல இந்தியச் செயலிகளைக் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. நடுவண் அரசு தலையிட்ட பின் சில நாள்களில் அவை திரும்ப இடம்பெற்றன. பல ஆண்டுகள் உழைத்து எழுப்பிய கடையின் வாயிற்கதவு பிறர் ஒருவரின் கையிலுள்ளது என்பதை அந்நிகழ்ச்சி நாட்டுக்கு உணர்த்தியது.

இது கூகுள் ஒன்றன் கதையுமன்று. 2021-ஆம் ஆண்டின் வாட்ஸ்அப் தனியுரிமைக் கொள்கை தொடர்பில், 2024 நவம்பர் 18 அன்று மெட்டா நிறுவனத்திற்கு ரூ.213.14 கோடி தண்டம் விதிக்கப்பட்டது. ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு என மக்களை நிறுத்துதல் முறையன்று என்பது அதன் சாரம்.

தாமதமும் புதிய வழியும்

மேட்ரிமோனி வழக்கு 2012-இல் தொடங்கி 2018-இல் தீர்ப்புப் பெற்றது. அக்கால முறைப்படி ஒரு மாணவர் இளநிலையில் சேர்ந்து, முதுநிலை முடித்து, எம்.ஃபில். பட்டமும் பெற்று வெளியேறும் ஆறு ஆண்டுகள் அவை. பெருநிறுவனத்திற்கு ஆறு ஆண்டு பொறுக்கும். சிறுவணிகர்க்கு ஆறு மாதம் பொறுக்காது. பயிர் கருகிய பின் பெய்யும் மழையால் என்ன பயன்?

ஆகவேதான், குற்றம் நிகழ்ந்த பின் தண்டிப்பதோடு நில்லாமல், நிகழுமுன்பே நெறி வகுக்க வேண்டும் என்னும் எண்ணம் உலகெங்கும் வலுப்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுச் சந்தைகள் சட்டம் இயற்றி, 2023 செப்டம்பரில் ஆறு நிறுவனங்களை வாயில் காப்போர் என அறிவித்தது. தம் பண்டத்திற்கு முன்னிடம் தரலாகாது என்பது அவர்க்கு விதித்த கடமைகளுள் ஒன்று. இந்தியாவிலும் 2022 டிசம்பரில் நாடாளுமன்ற நிதி நிலைக்குழு இத்தகைய சட்டத்தைப் பரிந்துரைத்தது. 2024 மார்ச்சில் மின்னணுப் போட்டிச் சட்ட முன்வரைவு ஒன்று வெளியிடப்பட்டது. இந்தியாவில் குறைந்தது ஒரு கோடிப் பயனர் அல்லது 10,000 வணிகப் பயனர் என்பது, பண அளவுகளோடு சேர்த்து, அவ்வரைவு காட்டிய வரையறைகளுள் அடங்கும்.

இதற்கு மறுப்பும் உண்டு. கடுமையான முன்விதிகள் புதிய முயற்சிகளை முடக்கும், வளர்ந்து வரும் நம் நாட்டு நிறுவனங்களையே தடுக்கும் என்பர். இக்கருத்தைப் புறந்தள்ளலாகாது. எடைக்கல்லைச் சோதிக்க வந்தவர் சந்தையையே பூட்டிவிட்டால் உழவர்க்கு நன்மையில்லை. எனினும், சோதனையே வேண்டா என்பது பருத்தி உழவர்க்கு 1933-க்கு முன் இருந்த நிலையைத் திரும்பக் கேட்பதாகும். நெறி வேண்டும், அது அளவோடு வேண்டும், விரைந்து செயற்படவும் வேண்டும்.

தமிழ்த்துறைக்கு என்ன வேலை?

"யாரிடம் கேட்பது?" என்ற மாணவர்க்கு விடை உண்டு. போட்டிச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, எவரும், நுகர்வோரும், அவர்தம் சங்கமும் போட்டி ஆணையத்திடம் முறையிடலாம். தனியொருவர் அஞ்சும் இடத்தில் சங்கம் துணிந்து நிற்கும். கோவையின் வெட் கிரைண்டர் செய்வோரும், திருப்பூரின் பின்னலாடையாரும், ஈரோட்டின் மஞ்சள் வணிகரும் இதனை அறிந்திருத்தல் நலம். இணையத்தில் தம் பண்டம் நின்ற இடத்தையும் பிடித்தக் கணக்கையும் நாள்தோறும் குறித்து வைத்தலும் வேண்டும். சான்று இல்லாத முறையீடு சாட்சியில்லா வழக்கு.

நம் துறைக்கும் ஒரு கடமை உண்டு. அம்மாணவர் அங்காடியில் சேர்ந்தபோது, ஆங்கிலத்தில் இருந்த நீண்ட ஒப்பந்தத்தைப் படிக்காமலே "ஏற்கிறேன்" என்னும் பொத்தானை அழுத்தினாராம். தமிழில் முதுநிலை பயின்றவரின் நிலை இதுவாயின், தறியில் நிற்பவர் நிலை என்ன? சட்டமும் ஒப்பந்தமும் எளிய தமிழில் மக்களிடம் சென்றாலன்றி, உரிமை ஏட்டளவிலேயே நிற்கும். இத்தகைய சொற்களுக்கும் விதிகளுக்கும் தெளிந்த தமிழ் விளக்கம் எழுதுவதை நம் மாணவர் ஆய்வேட்டுப் பொருளாகக் கொள்ளலாம்.

அம்மாணவரின் ஒப்பந்தத்தை அடுத்த முறை அவர் வரும்போது உடனமர்ந்து படிப்பதாக நாம் சொல்லியிருக்கிறோம். துண்டை விலக்கும் வேலையை அங்கிருந்தே தொடங்குவோம்.