இரண்டு கம்பிகளின் முனையில் ஒரு விமானம்

விமானங்களின் பெயர்களை நாங்கள் காதால் படித்தோம். சியாமாசெட்டி, சகடை, புக்காரா, கிபிர், கடைசியில் வண்டு. எது வட்டமிடும், எது குத்தி இறங்கும், எந்தச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓட வேண்டும் என்பதெல்லாம் அந்தக் காலத்தில் பத்து வயதுப் பிள்ளைக்கும் அத்துப்படி. விமானம் என்பது தூரத்தில் இருந்து வருவது, யாரோ ஒருவர் ஓட்டுவது, எங்களால் எதுவும் செய்ய முடியாதது.

அப்படிப் பழகியவர்களுக்கு, ஒரு விமானத்தை வீட்டு மேசையில் செய்து, அதைக் கையில் கட்டிப் பிடித்துப் பறக்கவிடுவதும் ஒரு பொழுதுபோக்குத்தான் என்றால் கொஞ்சம் வினோதமாக இருக்கும். ஆனால் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் அதைச் செய்துவருகிறார்கள். அதற்குப் பெயர் கொன்ட்ரோல் லைன். மைதானத்தின் நடுவில் ஒருவர் நிற்பார். கையில் ஒரு கைபிடி. அதிலிருந்து இரண்டு மெல்லிய உருக்குக் கம்பிகள் 15 முதல் 20 மீற்றர் வரை நீண்டு செல்லும். அவற்றின் மறுமுனையில் ஒரு மொடல் விமானம் அவரைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். றேடியோ இல்லை, கணினி இல்லை, கமரா இல்லை.

இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு. முதலாவது பட்டம். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று பட்டம் ஏற்றுபவரின் கையில் கயிறு இறுகி நிற்பது காற்றினால். இங்கே கம்பி இறுகி நிற்பது விமானத்தின் சொந்த வேகத்தினால். கல்லைக் கயிற்றில் கட்டிச் சுழற்றினால் கை இழுபடுமே, அதே இழுவைதான். ஒன்றரைக் கிலோ எடையுள்ள மொடல் 20 மீற்றர் கம்பியில் ஒரு சுற்றை 5 செக்கனில் முடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மணிக்கு 90 கிலோமீற்றர் வேகம். கையில் விழும் இழுவை ஏறக்குறைய 5 கிலோ. அரிசிப் பை ஒன்றைக் கிடையாக யாரோ இழுத்துக்கொண்டே இருப்பது போல.

இரண்டாவது உதாரணம் பழைய றலி சைக்கிள். அதன் பிரேக் வயரால் ஆனதல்ல, கம்பியால் ஆனது. கைபிடியை இழுத்தால், நடுவில் ஓர் அச்சில் திரும்பும் வளைந்த துண்டு அந்த அசைவைத் திசை மாற்றிக் கீழே கொடுக்கும், கட்டை றிம்மைப் பிடிக்கும். கொன்ட்ரோல் லைன் விமானத்துக்குள்ளும் அப்படி ஒரு துண்டுதான் இருக்கிறது. பெல்கிராங்க் என்பார்கள். ஒரு சிறிய முக்கோணத் தகடு, நடுவில் ஒரு திருகாணியில் சுழலும். அதன் இரண்டு முனைகளில் இரண்டு கம்பிகளும் கட்டப்பட்டுச் சிறகு வழியாக வெளியே வருகின்றன. மூன்றாவது முனையிலிருந்து ஒரு தள்ளுகம்பி வாலுக்குப் போகிறது. வாலில் கதவு போல மேலும் கீழும் அசையும் ஒரு பலகை உண்டு, அதுதான் எலிவேற்றர். கைபிடியின் மேல்நுனியைத் தன் பக்கம் சாய்த்தால் மேல்கம்பி இழுபட்டு, தகடு திரும்பி, எலிவேற்றர் உயர்ந்து, விமானம் மூக்கைத் தூக்கும். கீழ்நுனியைச் சாய்த்தால் மூக்கு இறங்கும். ஓட்டுபவருக்கு உள்ள கட்டுப்பாடு இவ்வளவுதான். இடம் வலம் திருப்ப வேண்டியதில்லை, அதைக் கம்பியே பார்த்துக்கொள்கிறது.

எல்லாம் கம்பி இறுகியிருக்கும் வரைதான். கம்பி தொய்ந்த கணத்தில் கட்டுப்பாடு போய்விடும். ஆகவே செய்பவர்கள் விமானம் எப்போதும் வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்படி பல சிறு தந்திரங்களைச் செய்கிறார்கள். வெளிச்சிறகின் நுனியில் சில பத்து கிராம் ஈயம் வைப்பார்கள், உட்சிறகில் தொங்கும் கம்பிகளின் பாரத்தை அது சமன் செய்யும். இயந்திரத்தை மிகச் சிறிதளவு வெளிப்பக்கம் திருப்பிப் பூட்டுவார்கள். உட்சிறகைக் கொஞ்சம் நீளமாக வைப்பார்கள், ஏனென்றால் வட்டத்தில் வெளிச்சிறகுதான் அதிக வேகமாகப் போகிறது, அதற்குத் தூக்குவிசையும் கூட. இவ்வளவும் செய்தும் கம்பி தொய்ந்தால், ஓட்டுபவர் பின்னோக்கிக் கால் வைத்து ஓட வேண்டும். அந்த இரண்டு மூன்று அடியில் விமானத்தைக் காப்பாற்றியவர்களும் உண்டு, காப்பாற்றாமல் விழுந்து எழும்பியவர்களும் உண்டு.

இதைக் கண்டுபிடித்தது யார் என்பதற்கு வழக்கே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் போட்லன்ட் நகரைச் சேர்ந்த ஜிம் வோக்கர் என்ற பொம்மை விமான உற்பத்தியாளர் இந்த முறைக்கு யூ-கொன்ட்ரோல் என்று பெயரிட்டு, 1942இல் காப்புரிமை பெற்றார். அவருடைய ‘ஃபயர்போல்’ மொடல்தான் இதைப் பரவலாக்கியது. பின்னர் 1950களில் லெறோய் கொக்ஸின் நிறுவனத்துக்கு எதிராக அவர் வழக்குப் போட்டபோது, அதே மாநிலத்தில் ஓபா செயின்ட் கிளெயர் என்பவர் 1930களிலேயே இரண்டு கம்பியால் விமானம் பறக்கவிட்டிருந்தது வெளிவந்தது. வோக்கர் தோற்றார். ஆனால் செயின்ட் கிளெயர் அதில் பணம் எதுவும் தேடவில்லை. தன் பாட்டுக்குச் செய்து பறக்கவிட்டவர் அவர்.

அந்த வழக்கில் வென்ற கொக்ஸ் நிறுவனம் செய்த ஒரு மொடலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிரி-19 என்ற பயிற்சி விமானம், பிளாஸ்ரிக்கில் செய்தது. சிறகும் உடலும் றப்பர் பாண்டுகளால்தான் இணைக்கப்பட்டிருக்கும். நிலத்தில் மோதினால் உடையாது, கழன்று சிதறும். பொறுக்கியெடுத்துத் திரும்பவும் மாட்டினால் பறக்கும். பழகுகிறவன் விழுத்தத்தான் போகிறான் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு செய்த பொருள் அது. அதைச் செய்தவர்கள் பிள்ளைகளை அறிந்தவர்கள் என்றே நினைக்கிறேன்.

இயந்திரம் என்றால், கட்டைவிரல் அளவில் ஒரு சிலிண்டர். 1947இல் ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த குளோ பிளக் இதை மிகவும் எளிதாக்கியது. அதுவரை பற்றரியையும் கொயிலையும் விமானமே சுமக்க வேண்டியிருந்தது. குளோ பிளக்கில் ஒரு பிளாற்றினச் சுருளை வெளியே இருந்து சூடாக்கினால் போதும், இயந்திரம் பற்றிய பிறகு அது தானே சிவந்துகொண்டிருக்கும். எரிபொருள் மெதனோல், அதனுடன் ஆமணக்கெண்ணெய். அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டால் அந்த எண்ணெய் எரியும் மணத்தைத்தான் முதலில் சொல்வார்கள். இன்றைக்குப் பலர் மின்மோட்டாருக்கும் லித்தியம் பற்றரிக்கும் மாறிவிட்டார்கள்.

உடல் செய்வது பல்சா மரத்தில். தென் அமெரிக்காவின் ஈக்குவடோரில் இருந்து வரும், மரங்களிலேயே மிக இலேசான வகைகளில் ஒன்று. சிறகுக்கு விலா எலும்புகள் போல மெல்லிய துண்டுகளை வெட்டி, வரிசையாக ஒட்டி, மேலே மெல்லிய தாள் அல்லது பட்டுத் துணி போர்த்தி, மெருகு பூசி இறுக்குவார்கள். இரண்டாம் உலகப் போரில் பல்சா முழுவதும் போர்த் தேவைக்குப் போய்விட்டது. அமெரிக்கப் பிள்ளைகள் பைன் பலகையிலும் கடதாசி அட்டையிலும் மொடல் செய்தார்கள். மூங்கில் கிடைக்காவிட்டால் ஈர்க்கிலிலும், தாள் கிடைக்காவிட்டால் பழைய பேப்பரிலும் பட்டம் கட்டிய எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முதற் பறப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான். தலை சுற்றும். ஒரு நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை சுழன்றால் சுற்றாமல் என்ன செய்யும்? மருந்து ஒன்றுதான், விமானத்தையே பார்த்துக்கொண்டிருப்பது. பின்னால் ஓடும் மரங்களையும் மதிலையும் பார்த்தீர்களென்றால் தொலைந்தீர்கள். இரண்டாவது பிழை, மணிக்கட்டை ஆட்டுவது. பயத்தில் கொஞ்சம் மேலே, பிறகு அதிகமாகக் கீழே, இன்னும் அதிகமாக மேலே, நான்காவது தடவை நிலம். அதனால் மணிக்கட்டை விறைப்பாக வைத்து, முழுக்கையையும் தோளில் இருந்து ஏற்றி இறக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். பழக்குபவர் பின்னால் நின்று பிள்ளையின் கைக்கு மேல் தன் கையையும் வைத்துச் சேர்ந்து சுழல்வதும் உண்டு.

சாதாரண மொடலில் வேகத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வழியில்லை. ஏறிவிட்டால் எரிபொருள் தீரும்வரை பறக்கவிட்டே ஆக வேண்டும். தீர்ந்ததும் சத்தம் சட்டென்று அறுந்துபோகும். பிறகு காற்றில் வழுக்கியபடி அரைச் சுற்றோ ஒரு சுற்றோ வந்து புல்லில் இறங்கும்.

போட்டிகளும் உண்டு. சர்வதேச வேகப் போட்டியில் கம்பி 17.69 மீற்றர். ஏன் இந்த விசித்திரமான அளவு என்றால், ஒன்பது சுற்று சரியாக ஒரு கிலோமீற்றர். அங்கே 2.5 கன சென்ரிமீற்றர் இயந்திரம் பூட்டிய மொடல்கள் மணிக்கு 300 கிலோமீற்றர் அளவில் பறக்கின்றன. இழுவை மொடலின் எடையைப்போல் நாற்பது மடங்கு. சாகசப் போட்டியில் வேகம் பெரிதல்ல, வானத்தில் வரையும் வடிவம்தான் பெரிது. வட்டம், சதுரம், முக்கோணம், எட்டு, நாலிதழ்ப் பூ. ஒவ்வொரு வடிவமும் நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் வந்து முடிய வேண்டும், நடுவர்கள் அந்த உயரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘கொம்பற்’ என்று ஒன்றும் இருக்கிறது, பெயர் எங்களுக்கு உவப்பானதல்ல. இருவர் ஒரே வட்டத்தில் நின்று, ஒவ்வொருவர் விமானத்தின் வாலிலும் ஒரு கடதாசி நாடா கட்டி, மற்றவரின் நாடாவைத் தன் புரொப்பெல்லரால் வெட்டப் பார்ப்பார்கள். வெட்டுப்படுவது கடதாசி. போட்டி நான்கு நிமிடம்.

பொம்மை விமானம் என்பதால் எல்லாம் அப்பாவித்தனமானது என்று சொல்லிவிட முடியாது. றெஜினோல்ட் டெனி என்ற நடிகர் 1930களில் ஹொலிவூட்டில் மொடல் விமானக் கடை நடத்தினார். அந்த ஆர்வத்தில் இருந்து வளர்ந்த றேடியோபிளேன் நிறுவனம், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சிக்காக ஆளில்லா விமானங்களை ஆயிரக்கணக்கில் செய்துகொடுத்தது. வன்னியில் எங்கள் தலைக்கு மேல் இரவு பகலாக இரைந்துகொண்டிருந்த வண்டின் குடும்ப மரத்தைத் தேடிப்போனால், ஒரு கிளை இந்தப் பொழுதுபோக்குக் கடைகளில்தான் போய் முடியும். றேடியோ வந்ததும் மொடல் விமானம் கண்ணுக்கு எட்டாத தூரம் போகப் பழகியது. 1960, 70களில் றேடியோக் கருவிகள் மலிவாகியதும் பெரும்பாலான பொழுதுபோக்காளர்களும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கம்பியில் நின்றவர்கள் சிலர்தான். அவர்களுடைய விமானம் யாரையும் வேவு பார்க்க முடியாது, வட்டத்தைத் தாண்டி ஒரு மீற்றர் கூடப் போக முடியாது. ஓட்டுகிறவர் எங்கே என்று தேடவும் வேண்டியதில்லை, நடுவில் நிற்கிறார்.

எங்கள் ஊர்களில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டால், இயந்திரத்துடன் தொடங்காதீர்கள் என்பேன். இயந்திரம் இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. ஒரு நீண்ட தடியின் நுனியிலிருந்து நூலில் இலேசான மொடல் ஒன்றைக் கட்டி, தடியால் சுழற்றிச் சுழற்றி இழுத்தே பறக்கவிடுவது. றெஜிபோம் தட்டில் சிறகு வெட்டி, ஐந்தாறு மீற்றர் நூலில் ஒரு பிள்ளை முற்றத்திலேயே பார்க்கலாம். இரண்டு நூல் போட்டு எலிவேற்றரையும் அசைக்க விரும்பினால் தங்கூசி வேண்டாம். அது இழுபட்டு நீளும், கை அசைத்த பிறகு தாமதித்துத்தான் விமானத்துக்குத் தெரியும். முறுக்கிய அல்லது பின்னிய நூல் நல்லது. மூக்கில் பாரம் போதாவிட்டால் துள்ளும், அப்போது ஒரு சிறு ஆணியையோ களிமண்ணையோ முன்னால் சேருங்கள்.

உருக்குக் கம்பிக்குப் போகிறவர்கள் சில விடயங்களில் விளையாடக் கூடாது. மின்கம்பி எங்கேயாவது அருகில் இருந்தால் அந்த இடம் வேண்டவே வேண்டாம். கையில் இருப்பது மின்சாரம் கடத்தும் கம்பி, தொட்டால் அது நேராக உங்களிடம் வரும். அப்படி ஆள் இறந்த சம்பவங்களும் உண்டு. இடி முழங்கினாலும் அப்படியே நிறுத்துங்கள். கைபிடியில் ஒரு வார் கட்டி மணிக்கட்டில் மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பறக்கவிடும் முன், ஒருவர் விமானத்தைப் பிடிக்க மற்றவர் கைபிடியில் இருந்து பலமாக இழுத்துப் பாருங்கள், மொடலின் எடையைப்போல் பத்து மடங்கு தாங்க வேண்டும். வட்டத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. வெளியான காணி என்பதற்காகப் பழைய கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நின்ற இடங்களுக்குப் போகாதீர்கள், ஊரில் எல்லோரும் நடக்கும் விளையாட்டு மைதானம் போதும்.

சத்தத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். மெதனோல் இயந்திரம் காதைத் துளைக்கும், மின்மோட்டார் அவ்வளவு இல்லை, ஆனாலும் இரையும். பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்கு அது என்ன சத்தம் என்று முதலில் தெரியாது. ஆகவே முதல் நாள் பின்னேரமே போய் அயலட்டைக்குச் சொல்லிவிடுங்கள், எத்தனை மணிக்கு என்றும் சொல்லுங்கள். விமானத்தையும் கையில் கொண்டு போய்க் காட்டுங்கள். வரக்கூடியவர்களை மைதானத்துக்குக் கூப்பிட்டு, ஓரத்தில் ஒரு கதிரை போட்டு இருத்துங்கள்.