பொம்மையை ஆட்டுவது யார்?

மேளம் கொட்டும் கரடிப் பொம்மையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை ஓட்டுவதற்கு அதன் முதுகுப்புறத்தில் சிறு விசை ஒன்று உண்டு. அதை நகத்தால் நெம்பித் தள்ள வேண்டும். நமக்கு இது ஒரு பொருட்டன்று. மூளை முடக்குவாதத்தால் விரல்கள் இறுகிப்போன குழந்தைக்கோ அவ்விசை பூட்டிய கதவு. ஆகவே தாய் விசையைத் தள்ளுகிறாள், கரடி கொட்டுகிறது, குழந்தை பார்க்கிறது. சில வீடுகளில் குழந்தையின் கையைப் பிடித்து அதைக்கொண்டே தள்ளச் செய்வார்கள். இரு வகையிலும் விளையாடியவர் பெரியவரே என்பது என் கருத்து. குழந்தையின் கையைத் திருத்த முயல்வதைவிடப் பொம்மையைத் திருத்துவது எளிது.

எப்படி என்று சொல்லுகிறேன். பொம்மையின் மின்கல அறையைத் திறந்து பாருங்கள். மின்கலத்தின் முனை ஓர் உலோகத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். இடையில் ஓர் அட்டைத் துண்டைச் செருகினால் மின்னோட்டம் நின்றுவிடும். அந்த அட்டையின் இரு பக்கங்களிலும் மெல்லிய செப்புத் தகடுகளை, ஒன்றையொன்று தொடாதபடி ஒட்டி, தகட்டுக்கு ஒன்றாக இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து வெளியே கொண்டுவாருங்கள். பழைய விசையை ஓடும் நிலையிலேயே விட்டுவிடுங்கள். இனி அவ்விரு கம்பிகளும் சேரும்போதுதான் கரடி கொட்டும், பிரிந்தால் நிற்கும்.

கம்பிகள் சேரும் இடமே புதிய பொத்தான். அதை உணவுத் தட்டு அளவு பெரிதாகவும் செய்யலாம். இரண்டு அட்டைகளில் அலுமினியத் தாளை ஒட்டி, நடுவே துளையிட்ட பஞ்சுத் துண்டை வைத்தால் போதும். முழங்கை பட்டாலும் தாள்கள் தொட்டுக்கொள்ளும். கையை எடுத்தால் பஞ்சு அவற்றைப் பிரித்துவிடும். 1.5 வோல்ட்டு மின்கலங்கள் இரண்டு சேர்ந்தாலும் 3 வோல்ட்டுதான், அதிர்ச்சிக்கு இடமில்லை. வீட்டு மின்சாரத்தில் ஓடும் எதையும் இவ்வாறு தொடலாகாது. காசு போன்ற வட்ட மின்கலம் உள்ள பொம்மையையும் விலக்குங்கள். அதை விழுங்கினால் உணவுக்குழாய் இரண்டே மணி நேரத்தில் புண்ணாகக்கூடும்.

எல்லாப் பொம்மைக்கும் இம்முறை பொருந்தாது. ஒருமுறை அழுத்தினால் பாடி முடிக்கும் பொம்மைகளில், உள்ளிருக்கும் பொத்தானின் இரு முனைகளிலேயே கம்பிகளை இணைக்க வேண்டும். கம்பிகளின் நுனியில் 3.5 மில்லிமீட்டர் செருகியை அமைப்பது வழக்கம். 2018-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் உடற்குறை உடையோருக்கென வெளியிட்ட விளையாட்டுக் கருவியிலும் அதே அளவுத் துளைகளே உள்ளன. அட்டையில் செய்த பொத்தான் கணினி விளையாட்டுக்கும் உதவும் என்பது சிறிய செய்தியன்று.

மின்சாரம் வேண்டாத திருத்தங்களும் பல. படப்புதிர்த் துண்டுகளில் தடித்த மரக்குமிழ் பதிக்கலாம். வழுக்காத ரப்பர் விரிப்பை அடியில் இடலாம். பந்துக்குள் மணி வைத்தால் பார்வையற்ற குழந்தை அதைத் தானே தேடி எடுக்கும். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1946-இல் தோன்றிய ‘கோல்பால்’ ஆட்டத்தின் பந்து அத்தகையதே.

பொத்தானை எங்கே வைப்பது? குழந்தை எந்த அசைவைத் தன் விருப்பப்படி திரும்பத் திரும்பச் செய்கிறதோ, அந்த அசைவு சென்று முடியும் இடத்தில். கையாகவும் இருக்கலாம், தலையாகவும் இருக்கலாம். முதுகும் பாதமும் ஊன்றி அமராத குழந்தைக்கு விழாமல் இருப்பதே முழுநேர வேலையாகிவிடும். விளையாட மனம் ஏது?

இதில் கடினமான பகுதி ஒன்று உண்டு, அது காத்திருத்தல். என் நண்பரின் ஐந்து வயது மகளுக்கு இத்தகைய கரடியைச் செய்து கொடுத்தேன். முதல் முறை அவள் கை தற்செயலாகப் பட்டது. கரடி கொட்டி நின்றது. “அழுத்தம்மா, அழுத்து” என்று பாட்டி தொடங்கினார்; வாய்திறவாமல் இருக்கும்படி வேண்டினேன். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு கை மெல்ல நகர்ந்து பொத்தானின் மேல் விழுந்தது. அவள் கரடியைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தாள். சற்றுப் பொறுத்துக் கையை எடுத்தாள். கரடியை நிறுத்தியவளும் அவளே. “எனக்கு ஒரு முறை” என்று அண்ணன் கைநீட்டியபோது, முழங்கையால் பொத்தானை அணைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் கரடி அவளுக்குச் சலித்துவிட்டது. இப்போது அதே பொத்தானில் ஒரு சிறு மின்விசிறியைப் பொருத்தியிருக்கிறோம். பாட்டியின் முகத்துக்கு நேராக.