மேடை போனாலும் வகுப்பு நிற்கவில்லை

2023 டிசம்பர் 13. மேற்குக் கரையில் உள்ள ஜெனின் அகதிகள் முகாமுக்குள் புகுந்த இஸ்ரேலிய ராணுவம், அங்கிருந்த ‘ஃப்ரீடம் தியேட்டர்’ அலுவலகத்தைச் சூறையாடி, சுவரில் தாவீது நட்சத்திரத்தை வரைந்துவிட்டுப் போனது. கலை இயக்குநர் அகமது தோபாசியும் பொது மேலாளர் முஸ்தபா ஷேதாவும் கைதானார்கள். தோபாசி மறுநாளே திரும்பிவிட்டார். ஷேதா, வழக்கும் விசாரணையும் இல்லாத ‘நிர்வாகக் காவலில்’ ஓராண்டுக்கு மேல் கிடந்து 2025இல்தான் வெளியே வந்தார். அதற்குள் நாடகக் கூடம் இருந்த முகாமே காலியாக்கப்பட்டிருந்தது.

இந்த அமைப்புக்கு இத்தகைய அடிகள் புதிதல்ல.

மாடியில் பிறந்த அரங்கு

1987இல் முதல் இன்திஃபாதா (பாலஸ்தீன எழுச்சி) வெடித்தபோது, மேற்குக் கரையின் பள்ளிகளை ராணுவம் மாதக்கணக்கில் மூடிவைத்தது. படிப்பின்றித் தெருவில் நின்ற ஜெனின் பிள்ளைகளுக்குப் பாடமும் ஓவியமும் சொல்லிக்கொடுக்க வந்தவர் அர்னா மெர் காமிஸ். யூதர், இளமையில் பல்மாக் என்ற யூதப் படையில் இருந்தவர், பின்னர் பாலஸ்தீன கம்யூனிஸ்ட் தலைவர் சலீபா காமிஸை மணந்தவர். ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது 1993இல் அவருக்குக் கிடைத்தது. அந்தப் பணத்தில், சமீரா சுபைதி என்ற முகாம்வாசியின் வீட்டு மாடியில் சிறுவர் நாடக அரங்கு எழுந்தது. அர்னாவின் மகன், நடிகர் ஜூலியானோ, அங்கே நடிப்புச் சொல்லிக்கொடுத்தார்.

1995இல் அர்னா புற்றுநோயால் இறந்தார். 2002 மார்ச்சில் சமீரா சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் ராணுவ புல்டோசர்கள் முகாமின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கியபோது அரங்கும் மண்ணோடு போயிற்று.

தன்னிடம் படித்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று தேடிப்போன ஜூலியானோ, ‘அர்னாவின் குழந்தைகள்’ (2004) என்ற ஆவணப்படத்தை எடுத்தார். ஒரு மாணவர் 2001இல் இஸ்ரேலின் ஹதேரா நகரில் நான்கு பெண்களைக் கொன்ற தாக்குதலில் ஈடுபட்டு, அங்கேயே கொல்லப்பட்டிருந்தார். வேறு சிலர் சண்டையில் மாண்டிருந்தார்கள். மேடை ஏறிய பிள்ளை துப்பாக்கியைத் தொடமாட்டான் என்று உறுதி சொல்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம். கலை தாயத்து அல்ல. பயத்தையும் கோபத்தையும் நாலு பேர் முன்னால் சொல்ல ஓர் இடம் தருகிறது. அதற்கு மேல் உள்ளதை வெளியே இருக்கும் உலகம் தீர்மானிக்கிறது. இதைத் தெரிந்துகொண்டேதான் 2006இல் ஜூலியானோ அரங்கை ‘ஃப்ரீடம் தியேட்டர்’ என்ற பெயரில் மீண்டும் தொடங்கினார். உடன் நின்றவர்கள் செயற்பாட்டாளர் யோனாதன் ஸ்டான்சாக்கும், சமீராவின் மகனும் ஆயுதக் குழுத் தளபதியாக இருந்தவருமான ஜகாரியா சுபைதியும்.

வெளியிலும் உள்ளேயும்

எதிர்ப்பு ராணுவத்திடமிருந்து மட்டும் வரவில்லை. ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் நடிப்பது முகாமில் பலருக்குப் பிடிக்கவில்லை. 2009இல் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யை மேடையேற்றி, சொந்தத் தலைமையையும் கேள்வி கேட்டார்கள். தீவைப்பும் மிரட்டலும் தொடர்ந்தன. 2011 ஏப்ரல் 4 அன்று, தியேட்டருக்கு வெளியே முகமூடி அணிந்த ஒருவன் ஜூலியானோவைச் சுட்டுக் கொன்றான். கொலையாளி யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

நிறுவனர் போனதும் மூடியிருக்க வேண்டிய இடம் மூடாததற்குக் காரணம், அவர் விட்டுப்போன நடிப்புப் பள்ளி. வெளியாரை நம்பியிராமல் முகாம் இளைஞர்களையே நடிகர்களாகவும் ஆசிரியர்களாகவும் அது வளர்த்திருந்தது. பதின்வயதில் இஸ்ரேலியச் சிறைக்குப் போய் நான்கு ஆண்டுகள் இருந்த தோபாசி, இங்கே நடிப்புப் பயின்று, நார்வே சென்று மேலும் கற்று, திரும்பி வந்து கலை இயக்குநர் ஆனார்.

இரண்டாவது காரணம், நட்பு. இஸ்ரேலிய ராணுவத்தின் பெத்லகேம் தேவாலய முற்றுகையைப் பற்றிய இவர்களின் ‘முற்றுகை’ நாடகம் 2015இல் பிரிட்டன் முழுக்கப் பயணித்தது. தில்லியின் ஜன நாட்டிய மஞ்ச் குழு இவர்களோடு சேர்ந்து நாடகம் உருவாக்கி இந்திய நகரங்களில் நடத்தியது. 1989 புத்தாண்டு நாளில் தெருநாடகத்தின் நடுவே தாக்கப்பட்டு, தன் நிறுவனர்களில் ஒருவரான சஃப்தர் ஹாஷ்மியைப் பறிகொடுத்த குழு அது. மூன்றே நாள் கழித்து அதே இடத்தில் அதே நாடகத்தை நடித்து முடித்தவர்கள். ஜெனின்காரர்களின் நிலை அவர்களுக்கு விளக்கிச் சொல்லாமலே புரிந்திருக்கும்.

சம்பளமும் வாடகையும்

2025 ஜனவரியில் ராணுவம் முகாமை முற்றாகக் காலியாக்கியதிலிருந்து, ஜெனின் நகரில் தற்காலிக இடத்தில் பணி தொடர்கிறது. டிக்கெட் விற்று நடத்த முடியாத அமைப்பு. பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடைதான் கைகொடுக்கிறது. நன்கொடையாளர்களோ பொதுவாக ஒரு திட்டம், ஒரு விழா, ஒரு புகைப்படம் என்று கணக்குப் பார்ப்பவர்கள். போர்ப் பகுதியில் திட்டம் போட்டபடி எதுவும் நடப்பதில்லை. சோதனைச் சாவடி மூடினால் ஒத்திகை இல்லை. ஆசிரியர் கைதானால் வகுப்பு இல்லை. அந்த நாட்களிலும் சம்பளம் வேண்டும், வாடகை வேண்டும்.

ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் உலகக் கலைஞர்கள் கண்டன அறிக்கையில் கையெழுத்திடுகிறார்கள். அது தேவைதான். ஆனால் இத்தகைய இடங்களை வாழவைப்பது, நாடகமே நடக்காத மாதத்திலும் தவறாமல் வந்துசேரும் பணம். உதவ நினைப்பவர்கள் முதலில் அதற்குப் பொறுப்பேற்கட்டும்.