மாத்திரை டப்பாவை எங்கே ஒளிப்பது? - ஆப்பிரிக்கப் பெண்களுக்குக் கைகொடுக்கும் ஹெச்.ஐ.வி தடுப்பு ஊசி மருந்து!

தினமும் ஒரு மாத்திரை. விடாமல் சாப்பிட்டால் ஹெச்.ஐ.வி தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. 'ப்ரெப்' எனப்படும் இந்தத் தடுப்பு முறைக்கு அமெரிக்கா 2012-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால், யாருக்கு அது அதிகம் தேவையோ, அந்த இளம்பெண்களால்தான் தொடர்ந்து சாப்பிட முடியவில்லை.

மறதி மட்டுமே காரணமல்ல. தென்னாப்பிரிக்காவில் ஒரு பெண்ணின் பையில் அந்த டப்பா கண்ணில் பட்டால், 'உனக்கு எய்ட்ஸா?' என்ற கேள்வி வரும். நோய் வந்தவர்களும் இதே வகை மாத்திரையைச் சாப்பிடுவதுதான் சிக்கல். 'என்மேல் சந்தேகமா?' என்று கணவனோ, காதலனோ சண்டைக்கு வரலாம். ஆணுறை போடச் சொல்லவே பயப்படும் பெண், மாத்திரையை எங்கே ஒளித்துவைப்பாள்?

2023-ல் உலகம் முழுக்க 15-24 வயதுப் பெண்களில் வாரத்துக்குச் சுமார் 4,000 பேருக்கு ஹெச்.ஐ.வி தொற்றியது என்கிறது யு.என்.எய்ட்ஸ். அதில் 3,100 பேர் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

இங்கேதான் 'லெனகாபவிர்' ஊசி வருகிறது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, வயிற்றுப் பகுதியில் தோலுக்கு அடியில் போடுவார்கள். ஆரம்பத்தில் இரண்டு நாள்கள் மட்டும் மாத்திரையும் உண்டு. அதன்பிறகு வீட்டில் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை.

தென்னாப்பிரிக்கா, உகாண்டாவில் 16-25 வயதுப் பெண்கள் 5,300-க்கும் மேற்பட்டோரிடம் ஆய்வு நடந்தது. 2024-ல் முடிவு வந்தபோது மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூட தொற்று இல்லை! மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 55 பேருக்குத் தொற்றியிருந்தது. மாத்திரைமீது தப்பில்லை; பலர் அதை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. ஆய்வின் நடுவே கர்ப்பமானவர்களும் ஊசியைத் தொடர அனுமதிக்கப்பட்டார்கள் என்பது முக்கியமான விஷயம்.

விலைதான் தலைசுற்ற வைக்கிறது. அமெரிக்காவில் வருடத்துக்கு 28,218 டாலர். ஆனால், ஹைதராபாத்தின் ஹெட்டெரோ, டாக்டர் ரெட்டீஸ் நிறுவனங்கள் 2027 முதல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளுக்கு வருடத்துக்கு சுமார் 40 டாலரில் தருவதாக அறிவித்திருக்கின்றன.

இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை போடும் 'கபோடெக்ராவிர்' ஊசியும் உண்டு. பெண்ணே பொருத்திக்கொண்டு மாதாமாதம் மாற்றும் டாபிவிரின் வளையமும் இருக்கிறது; அதன் பாதுகாப்பு குறைவு.

லெனகாபவிர் மற்ற பால்வினை நோய்களைத் தடுக்காது, கர்ப்பத்தையும் தடுக்காது. அதனால் ஆணுறையின் தேவை அப்படியேதான் இருக்கிறது. ஆறு மாதம் முடிந்ததும் தவறாமல் க்ளினிக்குக்குப் போக வேண்டும். ஹெச்.ஐ.வி இல்லை என்று பரிசோதனையில் உறுதியான பிறகே அடுத்த ஊசி.